அராவிய செம்பு

அஞ்சுகிராமத்துக்கு வந்து ஞானதாசன் வீடு எது என்று கேட்டால், எந்த ஞானதாசன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஏர்கிராப்ட் ஞானதாசன் என்று சொல்லிவிட்டால் போதும், ஆட்டோக்காரர் மறுபேச்சு பேசாமல் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார். ஷார்ஜாவில் பத்தொன்பது வருடம் விமானம் ரிப்பேர் பார்த்தவர், சும்மாவா? சர்ச்சில் சபைச் செயலர் கூட்டத்தில் பெயர் வாசிக்கும்போதும் அந்தப் பட்டத்தைச் சேர்த்தே வாசிப்பார். ஞானதாசன் தலையைக் குனிந்து லேசாக ஒரு சிரிப்பு சிரிப்பார். பெருமை காட்டாத மனிதர் என்று அதற்கும் தனியாக ஒரு நல்ல பெயர் கிடைத்தது.

உண்மை இதுதான். விமானங்களை நிறுத்தி ரிப்பேர் பார்க்கும் பெரிய கொட்டகையின் ஓரத்தில் ஒரு கருவி அறை இருந்தது. அறைக்கு ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஞானதாசன், அந்தப் பக்கம் மெக்கானிக்குகள். அவர்கள் நம்பர் சொல்லிக் கேட்கிற கருவியை எடுத்துக் கொடுப்பார், கையெழுத்து வாங்குவார், திரும்பி வந்ததும் எண்ணெய் துடைத்து அதனதன் கொக்கியில் மாட்டுவார். இரண்டாயிரத்துச் சொச்சம் கருவிகளின் பெயரும் அளவும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவற்றில் ஒன்றைக்கூட ஒரு விமானத்தின்மேல் அவர் வைத்தது கிடையாது.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் பெண் பேசிய காலத்தில் தரகர், ராகேலின் வீட்டில் போய், பையன் ஏரோப்ளேன் மெக்கானிக் என்று அடித்துவிட்டார். ராகேலின் அப்பா வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டார். ஞானதாசன் பொய் சொல்லவில்லை; அடுத்தவர் சொன்ன பொய்யைத் திருத்தவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் போகட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தார். அந்த ஒரு வாரம் இருபத்தாறு வருடமாகிவிட்டது.

ஊருக்குத் திரும்பி எட்டு வருடமாயிற்று. இந்த எட்டு வருடத்தில் அந்தப் பட்டத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அஞ்சுகிராமத்தில் யார் வீட்டில் விமானம் நிற்கிறது, ரிப்பேருக்குக் கூப்பிட? அப்படித்தான் அவரும் நினைத்திருந்தார், ஷீஜா வரும்வரைக்கும்.

ஷீஜா பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவள். நாற்பது வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், அதே சபைக்காரி. வட்டக்கோட்டை போகிற ரோட்டில் அவளுடைய அப்பா விட்டுப்போன தேங்காய்க் குடோனில் ஆறு வருடமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆள் உட்காருகிற சின்ன விமானம். வரைபடம் வெளிநாட்டிலிருந்து வாங்கியது. சட்டகத்தை அவள் சொல்லச் சொல்ல வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுத்தவர் கிரில் பட்டறை முருகதாஸ். விடுமுறைக்கு விடுமுறை வெளியூர் போய் ஓட்டவும் படித்து வந்துவிட்டாள். முதல் இரண்டு வருடம் ஊரே கேலி செய்தது. சிறகுக்குத் துணி போர்த்தி, வெள்ளைப் பெயின்ட் அடித்த பிறகு, எங்க ஊர் விமானம் என்று கல்யாணத்துக்கு வருகிற விருந்தாளிகளைக் கூட்டிப்போய்க் காட்டத் தொடங்கினார்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து ஷீஜாவும் அவள் அம்மா தேவகனியும் நேராக ஞானதாசன் வீட்டுக்கு வந்தார்கள்.

"எல்லாம் முடிஞ்சாச்சு அண்ணே. கேபிள் மட்டும்தான் பாக்கி," என்றாள் ஷீஜா. "நானே செஞ்சிருவேன். ஆனா அம்மா ஒத்துக்கிட மாட்டேங்கா."

தேவகனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேண்டாம்னு சொன்னா இவ கேக்கவா போறா? பறக்கத்தான் போறா. பிளேன திருப்புறதே அந்தக் கம்பிதான்னு சொல்லுகா. அத நீ ஒரு கை பாத்துக் குடுத்தா எனக்கு நெஞ்சு ஆறும், மக்கா."

ஞானதாசன் வாயைத் திறந்தார். இதுதான் நேரம் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் ராகேல் சாயாத் தட்டோடு உள்ளேயிருந்து வந்துவிட்டாள்.

"அவிய வருவாவ. இதுக்குப் போயி கேக்கணுமா? பத்தொன்பது வருஷம் இததான செஞ்சாவ," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் ஞானதாசன் வாயை மூடிக்கொண்டார். சாயாவை எடுத்து உறிஞ்சினார். ஆம் என்று சொன்னதாக அதை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் மத்தியானம் குடோனுக்குப் போனார். ஷீஜா மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்திருந்தாள். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னார். இது கேபிள் கட்டர், இது கிரிம்பர், இது கேஜ், இந்தக் கேபிள் ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை. இந்த ஸ்லீவ் செம்பா என்று பார்க்கணும், அலுமினியம் கூடாது. முருகதாஸ் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். கருவி அறைக்காரர் வாயால் சொல்லக்கூடியது எல்லாம் அதுவரை சரியாகவே இருந்தது.

வேலை கேட்பதற்கு எளிதுதான். வெட்டுகிற இடத்தில் முதலில் டேப் சுற்ற வேண்டும், இல்லையென்றால் இழைகள் பிரிந்து துடைப்பமாகிவிடும். வெட்டிய முனையை ஸ்லீவ் என்கிற செம்புக் குழலுக்குள் நுழைத்து, ஒரு பக்கம் கூம்பிய சின்ன வளையத்தைச் சுற்றித் திருப்பி, மறுபடி அதே குழலுக்குள் கொண்டுவந்தால் ஒரு காது கிடைக்கும். பிறகு கிரிம்பரின் நீளக் கைப்பிடிகளை அழுத்திக் குழலை மூன்று இடத்தில் நசுக்க வேண்டும். அந்தப் பிடியில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு கேபிள், எட்டு காது. விமானத்தின் மூக்கை ஏற்றுவதும் இறக்குவதும் வாலைத் திருப்புவதும் அந்த எட்டுக் காதுகளை நம்பித்தான்.

முதல் ஸ்லீவை ஞானதாசன் அழுத்தினார். கைப்பிடிகள் ஒன்றையொன்று தொட்டன. கேஜை எடுத்தார். அது ஒரு தகடு, ஓரத்தில் ஒரு வாய் வெட்டியிருக்கும். நசுக்கிய இடத்தில் அந்த வாய் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஏறினால் சரி, ஏறாவிட்டால் பிடி பத்தவில்லை என்று அர்த்தம்.

ஏறவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். ஏறவில்லை. முழங்காலுக்கிடையில் கொடுத்து முக்கி அழுத்தினார். நெற்றி வேர்த்ததே தவிர கேஜ் ஏறவில்லை. கிரிம்பர் புதுசு, அதை முதலில் திருகு முறுக்கிச் சரிபார்த்து வைக்க வேண்டும். ஷார்ஜாவில் அந்தக் கருவி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு அறைக்குப் போய் ஸ்டிக்கர் ஒட்டித் திரும்பி வரும். ஸ்டிக்கர் ஒட்டும் முன்னால் அந்த அறையில் என்ன செய்வார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து ஷீஜாவுக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனாள். முருகதாஸ் சாப்பிடப் போயிருந்தார். மேசையில் ஒரு சின்ன அரம் கிடந்தது.

அவர் என்ன நினைத்து அதை எடுத்தார் என்று கேட்டால் அவராலேயே சொல்ல முடியாது. பத்தொன்பது வருடம் ஜன்னலருகே உட்கார்ந்து அவர் பார்த்ததெல்லாம் கேஜ் ஏறுகிறதா, கையெழுத்து விழுகிறதா என்பதைத்தான். கேஜ் ஏறிவிட்டால் வேலை முடிந்தது. எனவே கேஜ் ஏறும்வரை செம்பை அராவினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மடியில் விழுந்த செம்புத் தூளைத் தட்டிவிட்டார். பிறகு கேஜை வைத்தார். வெண்ணெயில் கத்தி போல ஏறியது. குழலுக்குள் கேபிளைப் பிடித்திருக்கிற பிடி மட்டும் முன்பு இருந்தது போலவே தளர்வாக இருந்தது. அது வெளியே தெரியாது.

ஷீஜா திரும்பி வந்ததும் கேஜை அவள் கையிலேயே கொடுத்தார். "நீயே பாத்துக்க, மக்கா," என்றார். அவள் ஏற்றிப் பார்த்தாள். "கொள்ளாம் அண்ணே!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தாள். போனில் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினாள்.

மூன்று நாளில் எட்டும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் அவளை எதற்காவது வெளியே அனுப்பினார். முதலாவதை வாசலைப் பார்த்துப் பார்த்து அராவினார். நாலாவதுக்கு வாசலைப் பார்க்கவில்லை. எட்டாவதை அராவும்போது ஒரு பாட்டு முனகிக்கொண்டிருந்தார். பின்னால் இந்தக் கதையில் அவருக்கு எதை எதையோ நினைத்து வெட்கம் வந்தது. எல்லாவற்றையும்விட அந்தப் பாட்டை நினைத்துத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வரைபடத்தோடு வந்த புத்தகத்தில், பூட்டுமுன் கேபிளில் பாரம் தொங்கவிட்டுச் சோதிக்கச் சொல்லியிருந்தது. ஷீஜா அதைக் காட்டினாள்.

"அதெல்லாம் புஸ்தகத்துல போடுவாவ. பாரம் போட்டா இழை களைச்சுப் போவும். கேஜ் ஏறிச்சுல்லா, அது போதும். ஷார்ஜால நாங்க அப்படித்தான்," என்றார்.

நாங்க என்று அவர் வாயாலேயே வந்தது. இருபத்தாறு வருடத்தில் அடுத்தவர் பொய்யைத் திருத்தாமல் இருந்தவர், அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சொந்தமாக ஒன்று சொன்னார். ஷீஜா தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள்.

பிறகு தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை. ராகேல் மீன் குழம்பில் புளி கூடிவிட்டதோ என்று சந்தேகப்பட்டாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை குடோன் வரை போனார். ஒரு தடவை ஷீஜா சீட்டில் உட்கார்ந்து ஸ்டிக்கை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் வால் பலகை சொன்ன பேச்சு கேட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தரையில் நிற்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. "பாத்தியளா அண்ணே, உங்க கேபிள்!" என்றாள். இன்னொரு தடவை பூட்டிக் கிடந்தது. பூட்டியிருந்ததற்கு அவர் சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டதற்காகத் திரும்பி வரும் வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டார்.

நாளும் குறித்தாகிவிட்டது. திங்கள்கிழமை காலை ஆறு மணி, காற்று எழும்பும் முன்னால், குடோனுக்குப் பின்னால் உள்ள தரிசில் ஓட்டி ஷீஜா முதல்முறையாக மேலே ஏறப் போகிறாள். அதற்கு முன் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் குடோனில் ஸ்தோத்திர ஜெபம். நம் பக்கத்தில் ஆட்டோ வாங்கினாலும் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் ஜெபம் பண்ணாமல் தொடங்குவதில்லை, விமானத்துக்கு விடுவார்களா? முப்பது பேர் வந்திருந்தார்கள். முருகதாஸும் குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ராகேல் கல்யாணத்துக்குப் போகிற பட்டுச் சேலை கட்டியிருந்தாள். விமானத்தின் மூக்கில் செவ்வந்தி மாலை.

அன்று காலை சவரம் செய்யும்போது ஞானதாசன் கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்துவிட்டார். இன்றைக்குச் சொல்லியே தீருவது. எல்லார் முன்னாலும்.

போதகர் ஜெபித்து முடித்து, "இந்த வேலையைச் செய்து தந்த நம்ம சகோதரர் இப்போ ஒரு சாட்சி சொல்லுவாங்க," என்றார்.

ஞானதாசன் எழுந்தார்.

"எனக்கு இந்த வேல தெரியாது," என்றார். "நான் செஞ்சதுல ஒண்ணும் சரியில்ல. நான் இதுக்குத் தகுதி உள்ளவன் இல்ல. பத்தொன்பது வருஷம் நான் பெரிசா ஒண்ணும் செஞ்சிரல்ல. என்ன யாரும் நம்பாதீங்க." அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கர்த்தர நம்புங்க," என்றார்.

"ஆமென்!" என்று முப்பது குரல் ஒன்றாக எழுந்தது.

வேறென்ன எழும்? நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தவர் யாராவது தனக்கு வேலை தெரியும் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நாற்பது வருடம் கணக்கு நடத்திய வாத்தியார் எழுந்து, எனக்கு ஒன்றும் ஒன்றும் கூட்டத் தெரியாது, நடத்தினது அவர் என்பார். ஆபரேஷனில் பெயர் எடுத்த டாக்டர், இந்தக் கை வெறும் மண் என்பார். அதுதான் வழக்கம். பின்வரிசையில் யாரோ, "எவ்வளவு தாழ்மை பாத்தியா?" என்று சொன்னது ஞானதாசன் காதில் விழுந்தது. ராகேல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். சொல்லியாச்சு என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாச்சு, கேட்காதது அவர்கள் பாடு. கேக்கும் மிக்ஸரும் காகிதத் தட்டில் வந்தது. வாங்கிக்கொண்டார். கேக் தித்திக்கத்தான் செய்தது.

அப்போது தேவகனி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குப் பயம் விட்டுப்போச்சு மக்கா. இந்தக் கை செஞ்சது. இனி நான் நிம்மதியாக் கெடந்து உறங்குவேன்," என்றாள். அவளுடைய கண்ணீர் அவர் விரல் இடுக்கில் பட்டது. கையை இழுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். அவள் விடவில்லை.

அவருக்குக் காது இரண்டும் எரிந்தது. தட்டைக் கீழே வைத்தார்.

"ஷீஜா," என்றார். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "பாரம் போட்டுப் பாத்திருவோம்."

"என்ன பாரம்?"

"புஸ்தகத்துல சொல்லியிருக்குல்லா. கேபிள்ல பாரம் போட்டுப் பாக்கணும். இப்பமே."

"நீங்கதான வேண்டாம்னு சொன்னிய?"

"சொன்னேன். இப்ப வேணும்னு சொல்லுகேன்."

ஆட்கள் சிரித்தார்கள். ஏர்கிராப்ட் ஒரு வித்தை காட்டப் போகிறார் என்று நெருங்கி வந்து நின்றார்கள். ஞானதாசன் பூட்டு ஊசியை உருவி, போல்டைக் கழற்றி, மூக்கை ஏற்றுகிற கேபிளை வெளியே எடுத்தார். குடோனின் இரும்பு உத்தரத்தில், முன்பு தேங்காய் நிறுக்கும் தராசு தொங்கிய கொக்கி இருந்தது. முருகதாஸ் ஏணி போட்டு ஏறி, கேபிளின் ஒரு காதை அதில் மாட்டினார். கீழே தொங்கிய காதில் ஒரு இரும்புக் கம்பியைக் குறுக்கே செருகி, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஞானதாசன் காலைத் தரையிலிருந்து தூக்கினார்.

எழுபத்தெட்டு கிலோ. கேபிள் விறைத்தது. அவர் பட்டு வேட்டியோடு சும்மா தொங்கினார்.

கேபிள் தாங்கியது.

கை தட்டினார்கள். ராகேலும் தட்டினாள். தொங்கிக்கொண்டே ஞானதாசனுக்கு ஒரு மகிழ்ச்சி வந்தது பாருங்கள், அதைப் போலக் கேவலமான மகிழ்ச்சி அவருக்கு வாழ்நாளில் வந்ததில்லை. தாங்குகிறதே! ஒருவேளை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதோ? இறங்கி, கையைத் தட்டிவிட்டு, மீதிக் கேக்கைத் தின்னலாமோ?

"போதும் அண்ணே, இறங்குங்க," என்றாள் ஷீஜா. சிரித்துக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழம நீங்களும் ஏறி வந்துருவிய போலிருக்கு."

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேலே காற்று இழுக்கிற இழுப்பு ஒரு ஆள் பாரத்தோடா நிற்கும்?

"முருகதாஸ், நீயும் வந்து பிடி."

"நான் தொண்ணூறு கிலோ கேட்டியளா."

"பிடி, சொல்லுகேன்லா."

முருகதாஸ் எதிர்ப்பக்கம் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். ஒரு நொடி இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு தொங்கினார்கள். முருகதாஸின் மூச்சில் மிக்ஸர் வாசம் அடித்தது. பிறகு மேலே சர் என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. இருவரும் சிமென்ட் தரையில் விழுந்தார்கள். கேபிள் சுருண்டு அவர்கள்மேல் விழுந்தது. கொக்கியில் கேபிள் இல்லாத வெறும் வளையம் ஆடிக்கொண்டிருந்தது; செம்புக் குழல் கேபிளின் நுனியோடு கீழே கிடந்தது.

யாரும் கை தட்டவில்லை.

ஷீஜா குனிந்தாள். குழலைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தாள். இயற்பியல் படித்தவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உப்புத்தாள் தேய்க்காமல் விட்ட ஒரு மூலையில் அரத்தின் வரிகள் தெரிந்தன.

"இத அராவியிருக்கு," என்றாள்.

"நான்தான்," என்றார் ஞானதாசன். தரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். இடுப்பு வலித்தது, ஆனால் எழுந்திருக்காததற்கு அதுவல்ல காரணம். "கேஜ் ஏறல்ல. ஏத்துறதுக்காக அராவினேன். எனக்கு இந்த வேல தெரியாது. அங்க நான் மெக்கானிக் இல்ல."

இந்த முறை ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் கையிலிருந்த வேதப்புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். தேவகனி நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள், அதில் ஏதோ ஒட்டியிருப்பது போல.

ராகேல்தான் கேட்டாள். அதட்டவில்லை, அழவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பது போலக் கேட்டாள்.

"அப்போ அங்க என்ன வேல பாத்திய?"

இருபத்தாறு வருடத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய தேவை அவளுக்கு இருந்ததில்லை.

"சாமான் எடுத்துக் குடுக்குற வேல. மெக்கானிக்குமாருக்கு."

"எங்க அக்காமாருகிட்ட எல்லாம் நான்..." என்று தொடங்கி ராகேல் நிறுத்திவிட்டாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வழி விலக்கி நடந்து வெளியே போனாள். அவள் போகும்போது வாசலில் நின்றவர்கள் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். அதைத்தான் ஞானதாசனால் பார்க்க முடியவில்லை. தனக்கு வந்த வெட்கத்தை அவர் எப்படியாவது சுமந்திருப்பார். அது பட்டுச் சேலை கட்டிக்கொண்டு தனியாக ரோட்டில் நடந்து போகும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

கூட்டம் மெல்லக் கலைந்தது. சொல்லிவிட்டுப் போனவர்கள் குறைவு. முருகதாஸ் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும்தான் பிளேன் தெரியாது. தெரியாதுன்னு சொல்லிட்டுத்தான ஒட்டினேன்," என்றார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

ஷீஜா மேசையிலிருந்து சிவப்பு டேப் சுருளை எடுத்து வந்தாள்.

"எழும்புங்க அண்ணே. மத்தது எதுன்னு காட்டுங்க. ஒண்ணு விடாம."

ஒரே தடவையாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அது அப்படி முடியவில்லை. அவர் எழுந்து வால் பக்கம் நடந்தார். அவள் பின்னால் வந்தாள். கழற்றிய கேபிளின் மறுமுனையைக் காட்டி அவள் "இது?" என்றாள். "அதும்," என்றார். டேப்பைக் கிழித்து ஒட்டினாள். "இது?" "இதும்." வால் திருப்புகிற கேபிளில் இரண்டு, அதன் ஜோடியில் இரண்டு. ஒவ்வொன்றிலும் குனிந்து, விரல் வைத்து, சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைச் சிறகும் மாலையுமாக நின்ற விமானத்தில் சிவப்புத் துண்டுகள் கூடிக்கொண்டே வந்தன. ஒன்றில் அவர் தயங்கினார். "இத எவ்வளவு அராவினேன்னு தெரியல்ல," என்றார். "தெரியல்லன்னா அதும்தான்," என்று அவள் ஒட்டினாள்.

கடைசி முனை சீட்டுக்கு அடியில் இருந்தது. இருவரும் அந்த இடுக்கில் தலையை நுழைத்துக் குத்தவைத்து உட்கார்ந்தார்கள். வெளியே நாற்காலிகளை மடக்குகிற சத்தம் கேட்டது. அங்கே பேசினால் வேறு யாருக்கும் கேட்காது.

"இதும்," என்றார்.

அவள் டேப்பைக் கிழிக்கவில்லை. அவரைப் பார்க்காமல் கேபிளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சாட்சில சொன்னியளே அண்ணே, எனக்கு இந்த வேல தெரியாது, என்ன நம்பாதீங்கன்னு. அது எங்களுக்குச் சொன்னதா? இல்ல, சொல்லிட்டோம்னு உங்களுக்கு ஒரு சமாதானம் வேணும்னு சொன்னதா?"

அவர்களுக்குச் சொன்னதுதான் என்று சொல்லியிருக்கலாம். வார்த்தைக்கு வார்த்தை அவர் சொன்னதெல்லாம் உண்மை. முப்பது பேர் சாட்சி. அவள் நம்பியும் இருப்பாள், நம்புவதற்காகவே அவள் கேட்டது போலிருந்தது. இந்த ஒன்றையாவது அவருக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இருந்தாள்.

ஞானதாசன் நினைத்துப் பார்த்தார். காலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது, ஸ்லீவை அராவினேன் என்றுதான் தொடங்கியிருந்தார். எழுந்து நின்றதும் எடுத்தது வேறு வார்த்தைகள். எல்லாரும் ஆமென் சொல்லக்கூடிய வார்த்தைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்திருந்தார்.

"உங்களுக்குச் சொன்னது இல்ல மக்கா," என்றார். "அதும் அராவினதுதான்."

அவள் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஸ்லீவின்மேல் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.